ஹாலில் ஒரு நாலரை அங்குலச் சுவர்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு நாற்பதுக்கு, நம் வீட்டு சோபாவை வடக்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு நகர்த்துவது என்று நான் முடிவெடுத்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. மூன்று நாள் யோசித்தேன், நான்கு தாளில் வரைந்து பார்த்தேன், உன் அம்மாவிடம் கலந்து பேசினேன். அதாவது அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே நின்று அறிவித்தேன். இருபத்தாறு வருடமாக ஒரே இடத்தில் இருந்த சோபா அது. நகர்த்தியபோது அதன் அடியில் இரண்டு பேனா மூடிகளும், ரிமோட்டின் பின்மூடியும், ஆறாம் வகுப்பில் நீ தொலைத்துவிட்டதாகச் சொல்லி அடி வாங்கிய காம்பஸும் கிடைத்தன. அடித்தது நான். அதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் இதுபோல இன்னும் சில பதிவுகள் வரும். நீ உட்கார்ந்து படிப்பது நல்லது.

சோபாவை ஏன் நகர்த்தினேன் என்றால், அது இருந்த இடத்தில் ஒரு சுவர் கட்டுவதற்காக. சுவர் எதற்கு என்பது உனக்குத் தெரியும், ஏனென்றால் காரணம் நீதான். திருமணம் முடிந்து நீங்கள் இருவரும் இங்கே வந்து தங்கிய அந்த வாரத்தில், காவ்யாவுக்குத் தினமும் மதியம் இரண்டு மணிக்கு வேலை ஆரம்பித்தது. காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு நாட்டுக்காரரின் குறையைக் கேட்க வேண்டும். நம் வீட்டில் அந்த நேரத்தில் டிவி ஓடும், குக்கர் கத்தும், உன் அம்மா காம்பவுண்டு சுவர் வழியாகப் பக்கத்து வீட்டோடு உலக நடப்பைப் பேசுவாள். முதல் நாள் அந்தப் பெண் படுக்கையறையில் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் சாமான் அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். மூன்றாம் நாள் நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு கையில் குடை, மடியில் லேப்டாப், முகத்தில் மிகுந்த மரியாதையோடு அவள் ஆங்கிலத்தில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குடையைக் கொஞ்சம் தாழ்த்தி வணக்கம் வைத்தாள்.

கிளம்பும்போது நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். "அப்பா, அத்திப்பள்ளியில ஒரு வீடு பாத்திருக்கோம். ரெண்டு ரூம். அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்." உன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும். அத்திப்பள்ளி இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனாலும் அது கர்நாடகம், வேறு மாநிலம். நீ போன பிறகு உன் அம்மா வாசலில் நின்றபடி சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "அங்கயும் பாலு இதே கம்பெனி பாலுதான் வரும்." அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. இருவரும் உள்ளே வந்து, காலியாக இருந்த ஹாலைப் பார்த்தோம்.

நான் முப்பத்தொரு வருடம் என்ன வேலை பார்த்தேன் என்று யாராவது கேட்டால் "கம்பெனியில்" என்று சொல்லி முடித்துவிடுவாய். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டும், தவறாக இருந்தால் சிவப்புச் சீட்டும் கட்டுவது என் வேலை. என் சீட்டைப் பார்த்துப் பெரிய பெரிய சப்ளையர்கள் வியர்த்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டுப் பேசிய மேனேஜர், என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்றார். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை மடிக்கும்போதுதான் ஒரு விஷயம் தோன்றியது: முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு பொருளைக்கூட நான் செய்ததில்லை. ஒரு வாஷர்கூட. ஆயிரக்கணக்கானவர்கள் செய்ததைத் தவறு என்று சொல்லத் தெரிந்த எனக்கு, சரியாக ஒன்றைச் செய்வது எப்படி இருக்கும் என்று தெரியாது. அந்த ஆர்வம்தான் இந்தச் சுவரில் பாதி. மீதிப் பாதி நீ.

முதலில் முறைப்படி மேஸ்திரியைத்தான் கூப்பிட்டேன். ஓசூரில் இன்று ஒரு மேஸ்திரியைப் பிடிப்பதைவிட மந்திரியைப் பார்ப்பது சுலபம். வந்தவர் ஹாலை ஒரு முறை பார்த்துவிட்டு, "எட்டடி செவுத்துக்கு ஆளு அனுப்புனா, பன்னெண்டு மாடி கட்டுறவன் என்னைய என்ன கேப்பான் சார்?" என்றார். நியாயமான கேள்வி. பிளைவுட் தடுப்பு போட்டுக்கொள்ளச் சொன்னார். நம் வீட்டு சாமான் அறையின் தடுப்பு பிளைவுட்தான். அதன் வழியாகக் குக்கர் விசில் மட்டுமல்ல, குக்கருக்குள் என்ன வேகிறது என்பதுகூடக் கேட்கும். ஆகவே செங்கல். ஆகவே நானே. உன் அம்மாவிடம் சொன்னேன். "சரி. எங்க விழும்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, அந்தப் பக்கம் போக மாட்டேன்" என்றாள்.

நானூறு செங்கல் வந்து இறங்கியது. நான் செய்த முதல் வேலையை மறைக்காமல் எழுதுகிறேன். பரணிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து ஒவ்வொரு கல்லாக அளந்தேன். நீளம், அகலம், உயரம், மூலைக்கு மூலை. இரண்டு நாள் ஆயிற்று. நூற்றுப்பதினாறு கல் தேறியது. மீதியைத் தனியாக அடுக்கி, சிவப்புச் சீட்டு கைவசம் இல்லாததால் உன் அம்மாவின் சிவப்பு ரிப்பனைக் கட்டினேன். நம் கேட்டுக்கு எதிரே கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் சித்தாள் வேலை பார்க்கும் ரத்னம்மா மதியம் நம் வேப்ப மர நிழலில் சாப்பிடுவாள் என்பது உனக்குத் தெரியும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அன்று தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தாள்.

"சார், நகை செய்யப் போறீங்களா?"

"செவுரு கட்டப் போறேன்."

"செவுருக்கு எதுக்கு சார் கல்லு அழகா இருக்கோணும்? ரெண்டு கல்ல எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க. டங்குனு சொன்னா நல்ல கல்லு. தொப்புனு சொன்னா வேணாம். அவ்ளோதான்."

தட்டிப் பார்த்தேன். அளவில் தேறிய நூற்றுப்பதினாறில் ஒன்பது கல் தொப்பென்றது. ரிப்பன் கட்டியவற்றில் பெரும்பாலானவை கோயில் மணி மாதிரி ஒலித்தன. எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. கண்ணாலும் கருவியாலும் ஒரு பொருளைப் பார்க்க முடியும் என்று தெரியும். அதை இன்னொன்றோடு சேர்த்துத் தட்டிக் கேட்கவும் முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று மாலை முழுவதும் நானூறு கல்லையும் தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, ஏதாவது பஜனைக்குப் பழகுகிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் தரையைக் கொத்தி, நூல் பிடித்து, ஒன்றுக்கு நான்கு என்று சிமென்ட்டும் எம்-சாண்டும் கலந்து, மூன்று வரிசை கல் வைத்தேன். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு அடி தள்ளியே நின்றாள். அடுத்த நாள் காலையில் மேல் வரிசைக் கல் ஒன்றைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. அடியில் கலவை பிஸ்கட் மாதிரித் தனியாகக் கிடந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் வந்தது. மூன்று வரிசையும் ஒரு புத்தக அலமாரியைக் காலி செய்வதுபோல வரிசையாக வந்தது.

ரத்னம்மா அன்று தாமதமாக வந்தாள். "ரோட்டுல யானைங்க சார், பஸ்ஸு நின்னுடுச்சு" என்று, சிக்னல் விழுந்தது என்பதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "கல்ல நனைச்சீங்களா?"

"நனைக்கணுமா?"

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். "கல்லுக்குத் தாகம் சார். கலவையில இருக்குற தண்ணியெல்லாம் அதுவே குடிச்சிருச்சு. அப்புறம் கலவை எப்படிப் புடிக்கும்?"

டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஒரு கல்லைப் போட்டேன். நீயும் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். சீறிக்கொண்டு குமிழி வரும். அவ்வளவு உலர்ந்த, அவ்வளவு அமைதியான ஒரு பொருளுக்குள் இத்தனை காற்று இருந்ததா என்று தோன்றும். நான் கடிகாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நேரம் வேறுபட்டது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை, கண்டுபிடிக்க உத்தேசம். அந்த டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், காவ்யா முதல் முறையாக நம் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் வந்தது. கர்நாடகத்தில் அவள் ஊரான மாலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்திருந்தாள். அவள் உட்கார்ந்ததும் நான் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். பதினேழு கேள்விகள். புதிய சப்ளையரிடம் கேட்கும் வரிசையிலேயே எழுதியிருந்தேன்: பின்னணி, திறன், முந்தைய அனுபவம், குறை வந்தால் என்ன செய்வீர்கள். நாலாவது கேள்வியில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அங்கிள், எல்லாத்தையும் ஒட்டுக்கா கேட்டுடுங்க. நான் ஒட்டுக்கா சொல்லிடறேன்." பதினேழுக்கும் பதில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் உன் அம்மா, "ஐயோ, தண்ணி குடுக்கலையே" என்று எழுந்து ஓடினாள்.

அவள் கை கழுவப் போனபோது நான் உன்னிடம் சொன்ன தீர்ப்பும் உனக்கு ஞாபகம் இருக்கும். "பரவாயில்லை" என்றேன். தமிழில், மெதுவாக, பேசத் தெரிந்தாலும் அந்தச் சொல்லின் உள்ளர்த்தம் அவளுக்குப் புரியாது என்ற நம்பிக்கையில். அந்தச் சொல் கன்னடத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான், அதே அர்த்தம்தான் என்பதை எல்லையோரத்தில் முப்பது வருடம் குடியிருந்தவன் மறந்திருக்கக் கூடாது. குழாய் நின்றதை நான் கவனித்தேன். திரும்பி வந்தவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்குத்தான் அவள் மருமகளாக வந்து, மாடியில் குடை பிடித்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே இந்தக் கடிதத்தை நீதான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று நினைக்காதே. அவள் ஒன்றும் "பரவாயில்லை" இல்லை. நான் அவசரப்பட்டுத் தவறான சீட்டைக் கட்டினேன்.

நனைத்த கல்லோடு மீண்டும் ஆரம்பித்தோம். "தோம்" என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான்காவது வரிசை முடிந்ததும் ரத்னம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, கொத்துக்கரண்டியைக் காட்டி, "ஒரு வரிசை நான் வெக்கட்டா சார்?" என்றாள். பதினாறு வருடமாகக் கலவை தூக்குகிறாள். ஒரு கல்லைக்கூட அவளை வைக்க விட்டதில்லையாம்.

"ஏன்?"

"பொம்பளைங்க வெச்சா செவுரு நிக்காதாம்."

"நிக்காதா?"

"வெச்சுப் பாத்தாத்தானே சார் தெரியும்?"

என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்கான ஆராய்ச்சி முறையை நான் கேட்டதில்லை. கரண்டியைக் கொடுத்தேன். தினம் மதியம் சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணி நேரம் அவள் கட்டினாள், நான் சித்தாள். கலவை கெட்டியாக இருந்தால் "இது செவுருக்கா, உருண்டை புடிக்கவா?" என்பாள். தண்ணீர் கூடினால் "ரசம் வெச்சிட்டீங்களே" என்பாள். கட்டட வேலையில் பதினாறு வருடம் வாங்கிய திட்டையெல்லாம் எனக்குத் திருப்பிக் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். அவள் வைத்த வரிசைகளில் பழக்க தோஷத்தில் குறை தேடினேன். ரசமட்டம் வைத்தேன், தூக்குக்குண்டு தொங்கவிட்டேன், மட்டக்கட்டை சாய்த்துப் பார்த்தேன். குறை என் வரிசைகளில்தான் இருந்தது. ஒரு நாளைக்கு மூன்றடிக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அவள் சொன்னதால் மூன்றடியில் நிறுத்தி, இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தேன்.

ஆறடி உயரத்தில் எனக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. நம் சுவர் வீட்டின் பழைய சுவரோடு சேரும் இடத்தில், கீழே ஒட்டிக்கொண்டிருந்தது, மேலே போகப் போக விலகி, ஒன்றரை அங்குலம் இடைவெளி. தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். புதுச் சுவர் நேராக இருக்கிறது. சாய்ந்திருப்பது வீடு. இருபத்தாறு வருடத்துக்கு முன் இந்த வீட்டைக் கட்டியபோது ஒவ்வொரு ஞாயிறும் வந்து பார்த்து, சரி என்று தலையாட்டியது நான். முடியின் தடிமனில் பாதி கூடினால் திருப்பி அனுப்பியவன், ஒன்றரை அங்குலம் சாய்ந்த சுவரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருக்கிறேன். உன் அம்மாவிடம் சொன்னேன்.

"தெரியுமே. பீரோவ அந்தச் செவுத்தோட ஒட்டி வெச்சா கதவு தானாத் தொறந்துக்கும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க ஓகே பண்ண வீடாச்சே."

அந்த இரவுச் சாப்பாட்டில் எனக்கு அதிகம் பசிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் நீ பள்ளியில் செய்து கொண்டுவந்த மர ஸ்டூலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அதைத் தரையில் வைத்து, ஒரு காலுக்கு அடியில் இரண்டு அட்டையைச் செருகி, எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது என்று உனக்கு விளக்கினேன். நல்ல எண்ணத்தில்தான். நீ கவனமாகக் கேட்டாய், குறித்துக்கூடக் கொண்டாய். அதற்குப் பிறகு நீ கையால் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. இப்போது யோசித்தால், அந்த ஸ்டூலை வைத்த தரையே மட்டமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. மறுநாள் காலை ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். மட்டமாக இல்லை.

ரத்னம்மாவிடம் அந்த ஒன்றரை அங்குலத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். சுவரை இடித்துச் சாய்வாகக் கட்டலாமா, பழைய சுவரைச் செதுக்கலாமா என்று இரண்டு திட்டம் வைத்திருந்தேன். அவள் உடைந்த கல் சில்லைக் கலவையில் தோய்த்து இடைவெளியில் அழுத்தினாள். "கலவை எதுக்கு சார் இருக்குது?" என்றாள். ஒட்டுவதற்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அதன் முக்கிய வேலை வேறு: ஒரு கல்லை இன்னொரு கல்லின் மேல் நேரடியாக உட்காரவிடாமல் அரை அங்குலம் தள்ளி வைப்பது. ஒரு கல் கொஞ்சம் குட்டை, ஒன்று கொஞ்சம் நெட்டை, ஒன்று முனை உடைந்தது. அந்த அரை அங்குலத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. கல்லோடு கல்லை ஒட்ட வைத்தால் ஆடும். இதை உன் இல்லற வாழ்க்கைக்கு உபதேசமாக எழுதலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் இந்த வீட்டில் அந்த அரை அங்குலத்தை விடாமல் இருந்தது யார் என்று யோசித்ததும் விட்டுவிட்டேன். நீ வேண்டுமானால் எடுத்துக்கொள்.

கதவு நிலை வைத்து, அதற்கு மேல் ஒரு கிரானைட் பலகை போட்டு, கூரை வரைக்கும் ஏற்றியாகிவிட்டது. கதவு மாட்டிய அன்று சோதனை நடத்தினோம். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே உன் அம்மா டிவியைப் போட்டு, குக்கரை ஏற்றி, வழக்கமான குரலில் பேசினாள்.

"ஏங்க, உள்ள கேக்குதா?"

"கேக்கலை!"

"கேக்கலைன்னா எப்படிப் பதில் சொல்றீங்க?"

அதன் பிறகு கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டினேன். இரண்டாவது சோதனையில் குக்கர் நான்கு விசில் அடித்ததாக உன் அம்மா சொல்கிறாள். எனக்கு ஒன்று கேட்டது. காவ்யாவின் வாடிக்கையாளர்கள் ஒரு விசிலைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். அடுத்த வாரம் முழுவதும் மதியம் இரண்டு மணிக்கு நானே அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். ஜன்னலில் மூன்று மணி வரை வெயில் விழாது. காற்று மேற்கிலிருந்து வருகிறது. நம் ஹாலின் அந்த மூலையில் இவ்வளவு காற்று இருந்தது எனக்குத் தெரியாது. இத்தனை நாள் சோபாவின் முதுகு மறைத்திருக்கிறது.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள். திங்கள்கிழமை அத்திப்பள்ளி வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டேன். நீங்கள் இங்கே இருந்தால் எனக்கு நன்றாக இருக்கும். உன் அம்மாவுக்கும். அவள் நேரடியாகச் சொல்ல மாட்டாள். "அவங்க வரலைன்னா அந்த ரூம்ல தையல் மிஷின் போட்டுக்குறேன்" என்றாள். ஆனால் மிஷினை இன்னும் சமையலறையிலிருந்து நகர்த்தவில்லை, நகர்த்த நான் உதவட்டுமா என்று கேட்டதற்கு "அதுக்கு என்ன அவசரம்?" என்றாள். அத்திப்பள்ளிதான் வசதி என்று உங்களுக்குத் தோன்றினால் அங்கேயே போங்கள். காவ்யாவுக்கு அங்கிருந்து அவள் அம்மா வீடு பக்கம். அதுவும் ஒரு நியாயமான கணக்கு. ஒருவர் வீட்டில் சுவர் கட்டிவிட்டதாலேயே இன்னொருவர் அதற்குள் வந்து உட்கார வேண்டும் என்று சட்டம் இல்லை. நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள், அவளை முதலில் பேச விடு, பேசுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடு.

சுவரை இன்னும் பூசவில்லை. பூச்சு வேண்டுமா, செங்கல்லாகவே இருக்கட்டுமா என்பதைக் காவ்யா சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன். அதன் மேல் எந்தச் சீட்டும் கட்டவில்லை. ரத்னம்மா எதிர்க் கட்டடத்து மேஸ்திரியைச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டி வந்து, ஐந்தாவது வரிசையிலிருந்து தான் வைத்த வரிசைகளையெல்லாம் விரலால் காட்டினாள். அவர் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார், பிறகு கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நேற்று ஒரு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். ஹாலின் ஃபேனுக்கும் விளக்குக்கும் டிவிக்கும் உள்ள சுவிட்சுகள் எல்லாம் இப்போது உங்கள் அறைக்குள் இருக்கின்றன.